பழைய லேப்டாப் மூன்று கிடைத்திருக்கிறது: தமிழ் வகுப்புக்கு நெட் இல்லாத நூலகம் அமைப்பது எப்படி?

பெகு_தம்பி:

எல்லாருக்கும் வணக்கம். நான் பர்மாவில் பெகு ஊரில் இருக்கிறேன். எங்கள் கோயில் மண்டபத்தில் ஞாயிறுதோறும் தமிழ் வகுப்பு நடக்கிறது. சின்னப் பசங்களும் பத்தாவது படிக்கிற பசங்களும் கலந்துதான் வருகிறார்கள், புத்தகம் என்று பார்த்தால் அலமாரியில் கரையான் விட்டு வைத்தது மட்டும்தான். இப்போது தெரிந்தவர் ஒருவர் மூலம் ஓர் அலுவலகத்தில் கழித்த மூன்று லேப்டாப் வந்திருக்கிறது. இரண்டு இன்டெல் ஐ3, நான்காம் தலைமுறை, 4 ஜிபி ராம். மூன்றாவது அதைவிடப் பழசு, 2 ஜிபி, 32 பிட் விண்டோஸ் 7 இருக்கிறது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஓடு நிறுத்திவிட்டது, 11 போடலாம் என்றால் இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்குக் கீழே சேர்த்துக்கொள்ள மாட்டேன் என்கிறது, டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்புச் சில்லும் கேட்கிறது.

கரண்ட் விஷயம் உங்களுக்கே தெரியும். நெட் என்றால் போன் சிம்தான், அதுவும் மழை பிடித்தால் இல்லை. பசங்க படிக்கத் தமிழ்ப் புத்தகம் வேண்டும், தமிழிலும் பர்மியிலும் டைப் பண்ணத் தெரிய வேண்டும், அவ்வளவுதான் கேட்கிறேன். நண்பன் ஒருவன் இந்தப் பழசையெல்லாம் எடைக்குப் போட்டுவிட்டு ராஸ்பெர்ரி பை என்கிற சின்னப் பலகைக் கணினி ஒன்று வாங்கு என்கிறான். எது சரி?

சால்டரிங்_சயா:

நண்பர் சொன்னதில் தப்பில்லை தம்பி. கரண்ட் இல்லாத ஊரில் முதலில் பார்க்க வேண்டியது வாட். பை 4 சும்மா இருக்கும்போது 3 வாட்டுக்குப் பக்கம், வேலை கொடுத்தால் 6 வாட். வைஃபை ரவுட்டர் ஒரு 6 வாட் என்று வை. சராசரியாக 10 வாட்டில் முடிந்துவிடும். மோட்டார் சைக்கிள் பேட்டரி அளவில் வருகிற 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி சீல்டு பேட்டரியில் கணக்குப்படி 84 வாட்-மணி இருக்கும், லெட் ஆசிட் என்பதால் பாதிக்குக் கீழே இறக்கக் கூடாது, ஆக 42. வழியில் கொஞ்சம் விரயம் போக மூன்றரை மணி நேரம் தாராளமாக ஓடும். வகுப்புக்கு அது போதாதா? மண்டபக் கூரையில் சின்ன சோலார் தகடு ஒன்று போட்டால் கரண்டையே எதிர்பார்க்க வேண்டாம்.

12இலிருந்து 5 வோல்ட்டுக்கு இறக்க கடையில் மலிவாக எல்எம்2596 போர்டு கிடைக்கும். அதில் 3 ஆம்பியர் என்று போட்டிருப்பார்கள், நம்ப வேண்டாம், 2 ஆம்பியரைத் தாண்டினாலே விரல் வைக்க முடியாத சூடு வரும். பை 4க்கு 3 ஆம்பியர் சப்ளை கேட்கிறார்கள், அதனால் 5 ஆம்பியர் போர்டாகப் பார்த்து வாங்கு. வோல்ட் குறைந்தால் திரையில் மின்னல் குறி வரும், அதை அலட்சியம் செய்யாதே.

மோல்மீன்_வாத்தியார்:

சயா கணக்கு சரி, அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனாலும் தம்பி, அந்த லேப்டாப்பை எடைக்குப் போடாதே. தயவுசெய்து போடாதே. நம் ஊர் நிலைமைக்குப் பழைய லேப்டாப்பைவிட நல்ல கணினி இல்லை என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

பை வாங்கினால் பலகை மட்டும்தான் வரும். அதற்குத் திரை, கீபோர்டு, மவுஸ், சப்ளை, எஸ்டி கார்டு, பேட்டரி, கன்வர்ட்டர் எல்லாம் தனித்தனியாகத் தேட வேண்டும். லேப்டாப்பில் அத்தனையும் ஒரே உடம்பில் இருக்கிறது. பேட்டரி செத்துப்போய் இருபது நிமிடம்தான் நிற்கிறது என்றாலும் அந்த இருபது நிமிடம் பெரிய விஷயம், கரண்ட் போன அடுத்த நொடி எழுதிக்கொண்டிருந்த கோப்பு பாதியில் அறுந்து போகாது, ஒழுங்காக மூடிவிட்டு எழுந்து போகலாம். எஸ்டி கார்டில் ஓடுகிற பையில் திடீரென்று கரண்ட் போனால் கார்டு கெடுவது இங்கே எல்லாரும் பார்த்ததுதான்.

அப்புறம் கடிகாரம். இதை யாரும் சொல்வதில்லை. பை 4 வரைக்கும் பலகையில் கடிகாரமே கிடையாது, நெட் இருந்தால் நேரத்தை அங்கிருந்து எடுத்துக்கொள்ளும், இல்லாவிட்டால் கடைசியாக அணைத்த நேரத்திலிருந்து எண்ண ஆரம்பிக்கும். நெட் இல்லாத மண்டபத்தில் பசங்க சேமித்த கோப்பு எல்லாம் தப்பான தேதியில் நிற்கும். பை 5இல் கடிகாரம் வைத்துவிட்டார்கள், பேட்டரியைத் தனியாக மாட்ட வேண்டும், ஆனால் அது 5 வோல்ட்டில் 5 ஆம்பியர் சப்ளை கேட்கிறது.

லேப்டாப்பிலும் இந்தத் தொல்லை வரும், சிஆர்2032 என்கிற காசு அளவு பேட்டரி தீர்ந்துபோனால். பத்து வருஷத்து மெஷினில் அது தீர்ந்துதான் இருக்கும். மெயின் பேட்டரியும் கரண்டும் இரண்டும் இல்லாத நேரத்தில் தேதி பழைய வருஷத்துக்குப் போய்விடும், அப்புறம் எந்த இணையதளத்தைத் திறந்தாலும் சான்றிதழ் சரியில்லை, பாதுகாப்பு இல்லை என்று மிரட்டும். வைரஸ் என்று பயந்து மெஷினையே ஒதுக்கி வைத்தவர்கள் உண்டு. 3 வோல்ட் பேட்டரி ஒன்று, கைக்கடிகாரக் கடையிலேயே கிடைக்கும். சில மாடலில் அது சிவப்பு கறுப்பு ஒயரோடு சுருக்குத் தாளில் சுற்றி வரும், அப்படியானால் அதே கனெக்டர் உள்ளதாகக் கேட்டு வாங்கு.

சால்டரிங்_சயா:

வாத்தியார் எஸ்டி கார்டைப் பற்றிச் சொன்னது பாதிதான். பை ஓஎஸ்ஸின் அமைப்பு மெனுவிலேயே ஓவர்லே என்று ஒன்று இருக்கிறது, அதைப் போட்டுவிட்டால் கார்டில் எதுவும் எழுதாது, எல்லாம் ராமில் நடக்கும், பிளக்கை அப்படியே பிடுங்கினாலும் கார்டுக்குச் சேதமில்லை. படிக்க மட்டும் வைக்கிற நூலகத்துக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? எழுத வேண்டுமென்றால்தான் பிரச்சினை. கடிகாரத்துக்கு டிஎஸ்3231 என்று சின்னப் போர்டு இருக்கிறது, நாலு ஒயர் மாட்டினால் முடிந்தது.

மோல்மீன்_வாத்தியார்:

ஒப்புக்கொள்கிறேன் சயா, படிக்க மட்டும் என்றால் ஓவர்லே அருமையான வழி. ஆனால் தம்பி கேட்டது பசங்க டைப் பண்ணவும்தானே. கையில் மூன்று கீபோர்டும் மூன்று திரையும் சும்மா வந்து நிற்கும்போது புதிதாகக் காசு எதற்கு? நாளைக்குக் காசு சேர்ந்தால் பையும் வாங்கட்டும், ரவுட்டருக்குப் பக்கத்தில் வைக்கலாம்.

பெகு_தம்பி:

சரி, லேப்டாப்பே இருக்கட்டும். முதலில் என்ன செய்வது? ஒன்று போட்ட பத்து நிமிடத்தில் காற்றாடி கத்துகிறது, அப்புறம் தானே அணைந்துவிடுகிறது.

பழைய_இரும்பு:

அது சூடுதான் தம்பி, வேறெதுவும் இல்லை. நான் ரங்கூனில் இதே தொழில்தான் பார்க்கிறேன், வருகிற பத்தில் பாதி இதற்குத்தான் வரும். பின்மூடியைக் கழற்று, காற்றாடியைத் தனியாக எடு. எடுத்தால் காற்றாடிக்கும் செம்புக் குழாய் முடிகிற தகட்டு வரிசைக்கும் நடுவில் சாம்பல் நிறத்தில் கம்பளித் துண்டு மாதிரி ஒன்று படிந்திருக்கும், தூசியும் முடியும் சேர்ந்து அழுத்தியது. வெளியிலிருந்து எவ்வளவு ஊதினாலும் அது போகாது, உள்ளேதான் இன்னும் இறுகும். அதை முழுசாக உரித்து எடுக்க வேண்டும். பிரஷ் போடும்போதும் ஊதும்போதும் காற்றாடி இறக்கையை ஒரு குச்சியால் பிடித்துக்கொள், வேகமாகச் சுற்ற விட்டால் பேரிங் போகும்.

பிராசஸர் மேல் இருக்கிற பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாக இருக்கும். ஸ்பிரிட் தொட்ட துணியால் சுத்தமாகத் துடைத்துவிட்டு அரிசி மணி அளவு புதிதாக வை, மேலே ஏற்றி நாலு ஸ்க்ரூவையும் குறுக்குக் குறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கு. ஒரு பக்கமே முழுசாக இறுக்கினால் மறுபக்கம் தூக்கிக்கொள்ளும்.

திறந்த கையோடு பேட்டரியைப் பார். உப்பி இருந்தால், டச்பேட் மேலே தூக்கியிருந்தால், அதை உடனே கழற்றித் தள்ளி வை, குத்தாதே, அழுத்தாதே, வீட்டுக்குள் வைக்காதே. இதில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

ராம் சேர்க்கப் போகிறாயா? நான்காம் தலைமுறை லேப்டாப்பில் டிடிஆர்3எல் கேட்கும், 1.35 வோல்ட். கடைக்காரர் டிடிஆர்3 எல்லாம் ஒன்றுதான் என்று 1.5 வோல்ட் உள்ளதைக் கொடுத்தால் மெஷின் திரையே காட்டாது. எல் உள்ளதைப் பழைய 1.5 வோல்ட் மெஷினிலும் போடலாம், மாற்றிச் செய்ய முடியாது. 4 ஜிபிக்கு மேல் இன்னொரு 4 ஜிபி போட்டாலே மெஷின் வேறு மாதிரி ஓடும். காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் ராமைவிட முதலில் எஸ்எஸ்டி, ஹார்டு டிஸ்க் இடத்தில் மாட்டுகிற வேகமான சேமிப்பு. 120 ஜிபி போதும், பழைய ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிப் பெட்டியில் போட்டுப் புத்தகச் சேமிப்புக்கு வைத்துக்கொள்.

மோல்மீன்_வாத்தியார்:

இரும்பு அண்ணன் சொன்னதைச் செய்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அப்புறம் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ், இலவச இயங்குதளம். இங்கே ஒவ்வொருவரும் ஒவ்வொரு பெயர் சொல்வார்கள், அந்த வாதத்தில் இறங்க வேண்டாம். 4 ஜிபி மெஷினுக்கு லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு அல்லது டெபியனோடு எக்ஸ்எஃப்சிஇ. எக்ஸ்எஃப்சிஇ என்பது பழைய மெஷினுக்குப் பாரமில்லாத டெஸ்க்டாப். நான் டெபியன் பக்கம். காரணம் ஒன்றுதான், டெபியனுக்கு டிவிடி-1 என்று ஒரு பெரிய ஐஎஸ்ஓ, அதாவது நிறுவுகிற வட்டின் முழு நகல் கோப்பு, இருக்கிறது, அதில் டெஸ்க்டாப், லிப்ரே ஆபிஸ் எல்லாம் உள்ளேயே இருக்கும், நிறுவும்போது நெட் ஒரு துளி வேண்டாம். 12ஆம் பதிப்பிலிருந்து வைஃபை சில்லுகளுக்கான ஃபர்ம்வேரையும் ஐஎஸ்ஓவுக்குள்ளேயே சேர்த்துவிட்டார்கள், முன்பு மாதிரி தனியாகத் தேடி அலைய வேண்டியதில்லை.

அதை இறக்குவதற்கு பிரவுசரில் சொடுக்கிவிட்டு உட்காராதே, 3 ஜிபி வந்தபின் அறுந்தால் அழுகைதான் வரும். டோரண்ட் வழியாக இறக்கு. எத்தனை முறை கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும், துண்டு துண்டாகச் சரிபார்த்துத்தான் சேர்க்கும், கோப்பு கெட்டு வர வாய்ப்பில்லை. டோரண்ட் இல்லாமல் நேரே இறக்கினால் கோப்பு கெடாமல் வந்ததா என்று காட்டுகிற ஷா256 கூட்டெண்ணை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் நிறுவ வேண்டும், நம் லைனில் இது கட்டாயம். யுஎஸ்பியில் வென்டாய் ஒரு தடவை போட்டுவிட்டால் போதும், அப்புறம் எந்த ஐஎஸ்ஓவையும் சாதாரணக் கோப்பு மாதிரி நகலெடுத்துப் போட்டாலே அதிலிருந்து பூட் ஆகும். ஒரே குச்சியில் நாலு லினக்ஸ் வைத்துக்கொண்டு அலையலாம்.

மூன்றாவது மெஷினை உடனே கைவிடாதே. அதில் 32 பிட் விண்டோஸ் இருந்தது என்பதால் பிராசஸரும் 32 பிட் என்று அர்த்தமில்லை. கோர் 2 டியோ என்றால் அது 64 பிட், வழக்கமான ஐஎஸ்ஓவே ஏறும். வெறும் கோர் டியோ என்றால்தான் 32. அப்படியானால் டெபியன் 12 போடு, 32 பிட் நிறுவி உள்ள கடைசிப் பதிப்பு அதுதான், 13இல் எடுத்துவிட்டார்கள். 2 ஜிபிக்கு இசட்ராம் போட்டுவிடு, ராமுக்குள்ளேயே சுருக்கி வைத்துக்கொள்ளும், டிஸ்க்கைப் போட்டு உருட்டாது. அந்த மெஷினில் பிரவுசரில் பத்து டேப் திறக்க முடியாது, ஆனால் லிப்ரே ஆபிஸில் தமிழ் அடிக்கப் பழக அது தாராளம்.

பெகு_தம்பி:

டைப்பிங்குக்கு என்ன போடுவது? ஒரு மெஷினில் பழைய தமிழ்க் கோப்பு நிறைய இருக்கிறது, கோயில் மலருக்காக யாரோ அடித்தது. திறந்தால் ஆங்கில எழுத்தாகக் குப்பையாக வருகிறது. பர்மியக் கோப்பு சிலதும் எழுத்து கலைந்து தெரிகிறது.

தட்டோன்_அக்கா:

தம்பி, அதை அழித்துவிடாதே! அது குப்பை இல்லை. நான் பல வருஷமாகக் கல்யாணப் பத்திரிகையும் மலரும் அடித்துக் கொடுக்கிறேன், இந்தக் குழப்பத்தோடுதான் என் பிழைப்பு.

அது பாமினியாக இருக்கும். பாமினி மாதிரி எழுத்துருக்கள் ஆங்கில எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் எழுத்தை வரைந்து வைத்தவை. ஜே, கே, பி, ஓ, அதன் பிறகு அரைப்புள்ளி, இப்படி ஒரு சொல் கோப்பில் கண்ணில் பட்டால் அது ‘தமிழ்’. எழுத்துருவை மாட்டினால் திரையில் தமிழ் தெரியும், ஆனால் கணினிக்கு அது ஆங்கிலம்தான், தேட முடியாது, போனில் படிக்க முடியாது. அதனால் எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் வைத்திருக்கிற பொதுக் குறியாக்கமான யூனிகோடுக்கு மாற்றி வைத்துக்கொள். பைத்தானில் ஓபன்-தமிழ் என்று கட்டற்ற நிரல் தொகுப்பு இருக்கிறது, பழைய தமிழ்க் குறியாக்கங்களிலிருந்து யூனிகோடுக்கு மாற்றுகிற வேலையைச் செய்யும், நெட் வேண்டாம். மூலக் கோப்பை அழிக்காமல் தனியாக வை, மாற்றியதை ஒரு தடவை கண்ணால் படித்துப் பார். கெ, கொ, கை வருகிற இடங்களை முக்கியமாகப் பார். பாமினியில் கொம்பை முதலில் அடித்து அப்புறம் ககரம் அடிப்போம், கண்ணுக்குத் தெரிகிற வரிசை. யூனிகோடில் ககரம் முதலில், கொம்பு பின்னால். மாற்றும்போது இந்த இடத்தில்தான் இடறும்.

பர்மியக் கோப்பு கலைந்து தெரிகிறது என்றாயே, அதுவும் கிட்டத்தட்ட இதே கதை. அது ஜாவ்ஜி, பழைய பர்மிய எழுத்துரு முறை. பர்மிய எழுத்திலும் நம் கொம்பு மாதிரி மெய்க்கு இடப்பக்கம் எழுதுகிற உயிர்க்குறி உண்டு, ஜாவ்ஜியில் அதை முன்னால் அடிப்பார்கள், யூனிகோடில் பின்னால் சேமிக்கும். ஆனால் ஜாவ்ஜி பாமினியைவிடப் பொல்லாதது. பாமினி ஆங்கிலத்தின் இடத்தில் உட்கார்ந்தது, பார்த்தாலே தெரிந்துவிடும். ஜாவ்ஜியோ யூனிகோடில் பர்மியத்துக்கு ஒதுக்கிய அதே இடத்தில் வேறு முறையில் உட்கார்ந்துகொண்டது, ஒரு கோப்பைப் பார்த்து இது அதுவா இதுவா என்று கணினி ஊகிக்கத்தான் முடியும். அதைவிட எனக்கு ஆத்திரம் என்னவென்றால் மொன், ஷான், கரேன் எழுத்துகளுக்கு ஒதுக்கியிருந்த இடங்களையும் அது எடுத்துக்கொண்டது. நான் இருப்பது மொன் மாநிலம், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் தங்கள் மொழியை போனில் ஒழுங்காக எழுத முடியாமல் எத்தனை வருஷம் போயிற்று. 2019 அக்டோபர் 1 முதல் அரசாங்கமே யூனிகோடுக்கு மாறியது, இப்போது புதிதாக ஜாவ்ஜியில் எதையும் அடிக்காதே, பசங்களுக்கும் பழக்காதே. பழையதை மாற்ற கூகுள் வெளியிட்ட மியன்மார் டூல்ஸ் என்கிற திறந்த மூல நிரல் இருக்கிறது, இது ஜாவ்ஜியா யூனிகோடா என்று நிகழ்தகவு சொல்லும்.

எழுத்துருவுக்கு நோட்டோ தமிழ், நோட்டோ மியன்மார், பர்மியத்துக்கு படௌக், எல்லாம் இலவசம். விசைப்பலகைக்கு லினக்ஸில் ஐபஸ், அதோடு எம்17என் தொகுப்பு போடு. அதில் தமிழ்99 விசைப்பலகை அமைப்பும் இருக்கும், ஆங்கில ஒலியில் அடிக்கிற முறையும் இருக்கும். பசங்களுக்குத் தமிழ்99தான் சொல்லிக்கொடு. போனில் ஆங்கில எழுத்தில் தமிழ் அடித்து அடித்து அவர்களுக்கு எழுத்தே மறந்துபோகிறது. தமிழ்99இல் இடது கையில் உயிர், வலது கையில் மெய், ககரமும் உகரமும் அடித்தால் கு வந்து நிற்கும், அடிக்க அடிக்க எழுத்து உருவாகிற விதம் பிள்ளைக்குப் புரியும்.

பெகு_தம்பி:

அக்கா, ரொம்ப நன்றி. பாமினிதான். மாற்றிப் பார்த்தேன், பழைய திருவிழாக் கணக்கும் தேவாரப் பாட்டும் வந்தன. கோயில் பெரியவர் உட்கார்ந்து வாசித்தார்.

இனி புத்தகம்.

மோல்மீன்_வாத்தியார்:

புத்தகத்துக்கு முதலில் மதுரைத் திட்டம். 1998 பொங்கலன்று ஆரம்பித்தது, உலகம் முழுக்க இருக்கிற தமிழர்கள் கூலி வாங்காமல் தட்டச்சு செய்து சேர்த்தது. சங்க இலக்கியத்திலிருந்து இருபதாம் நூற்றாண்டு எழுத்து வரை இருக்கிறது. யூனிகோட் பதிப்பையே இறக்கு, டிஸ்கி என்கிற பழைய குறியாக்கப் பதிப்பை எடுத்தால் அக்கா சொன்ன மாற்று வேலை மறுபடியும் வரும். அதோடு ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தில் இக்கால எழுத்தாளர்கள் கட்டற்ற உரிமத்தில் கொடுத்த புத்தகங்கள் இருக்கின்றன, பசங்களுக்கு அது பிடிக்கும்.

பெரிய பொக்கிஷம் கிவிக்ஸ், நெட் இல்லாமல் தளங்களைப் படிக்க உதவுகிற இலவச நிரல். தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் ஒரே ஜிம் கோப்பாக இறக்கி வைத்துக்கொள்ளலாம், நெட் இல்லாமல் தேடிப் படிக்கலாம். ஒரே மொழிக்கு மூன்று அளவில் கிடைக்கும். மேக்சி என்றால் படத்தோடு, நோபிக் என்றால் படம் இல்லாமல், மினி என்றால் கட்டுரையின் தொடக்கம் மட்டும். நோபிக்கில் ஆரம்பி. கிவிக்ஸோடு வருகிற சர்வர் நிரலை ஒரு லேப்டாப்பில் ஓட விட்டால், அதே வைஃபையில் இருக்கிற எந்த போனிலிருந்தும் பிரவுசரில் முகவரி அடித்து அதைப் படிக்கலாம். மூன்று லேப்டாப்புக்கு முப்பது பசங்க என்ற கவலை அங்கேயே தீர்ந்தது, கையில் இருக்கிற போனே புத்தகம் ஆகிவிடும்.

இதில் எல்லாரும் மாட்டுகிற இடம் ஒன்று உண்டு. அந்த வைஃபையில் நெட் இல்லை என்று தெரிந்ததும் போன் தானாகவே சிம் டேட்டாவுக்குத் தாவிவிடும், பக்கம் திறக்கவில்லை, கெட்டுவிட்டது என்பார்கள். மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, நெட் இல்லாவிட்டாலும் இணைப்பில் இரு என்று போன் கேட்டால் ஆமாம் கொடுக்கச் சொல்.

சர்வர் லேப்டாப்பில் மூடியை மூடினாலும் தூங்கக் கூடாது என்று அமைப்பில் மாற்றிவிடு. பேட்டரி 10 சதவீதத்துக்கு வந்தால் தூங்காமல் முழுதாக அணையட்டும். இரண்டும் எக்ஸ்எஃப்சிஇ பவர் மேனேஜரிலேயே இருக்கும்.

சால்டரிங்_சயா:

அந்த சர்வர் லேப்டாப்புக்கு இன்வெர்ட்டர் வைக்காதே தம்பி. 12ஐ 230 ஆக்கி, மறுபடி அடாப்டரில் 19 ஆக்குவது இரண்டு பக்கமும் விரயம். காரில் மாட்டுகிற லேப்டாப் சார்ஜர் 12 வோல்ட்டை நேரே 19க்கு ஏற்றும், மாடலுக்குப் பொருந்துகிற பின் இருக்கிறதா என்று மட்டும் பார். ரவுட்டரிலும் அடியில் ஒட்டியிருக்கிற சீட்டைப் படி, 12 வோல்ட்டா 9 வோல்ட்டா என்று. 12 என்றாலும் சார்ஜ் ஏறும்போது பேட்டரி 14 வோல்ட்டைத் தாண்டும், நடுவில் ஒரு ரெகுலேட்டர் போட்டால் ரவுட்டர் பிழைக்கும். பேட்டரியின் பிளஸ் முனையை ஒட்டியே ஃபியூஸ், அது இல்லாமல் ஒயரே இழுக்காதே, பசங்க நடமாடுகிற மண்டபம் அது.

பெகு_தம்பி:

ஃபியூஸ் போட்டுவிடுகிறேன் சயா. வாத்தியாரே, ஜிம் கோப்பை என் சிம்மில் இறக்கினால் மாசச் சம்பளம் போய்விடும். உங்களிடம் இருப்பதை நகல் எடுத்துக்கொள்ளலாமா? அடுத்த வாரம் மோல்மீன் பக்கம் ஒரு கல்யாணத்துக்கு வருகிறேன்.

மோல்மீன்_வாத்தியார்:

தாராளமாக வா. தமிழ், பர்மி விக்கிப்பீடியா இரண்டும், விக்சனரியும், மதுரைத் திட்டமும், டெபியன் டிவிடி ஐஎஸ்ஓவும் என் டிஸ்க்கில் இருக்கிறது. கொண்டு வருகிற டிஸ்க்கை எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மட் செய்துவிட்டு வா. ஃபேட்32 என்றால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு ஏறாது, இவ்வளவு தூரம் வந்தும் பெரிய கோப்புகள் கிடைக்காமல் போகும். கல்யாண வீட்டுக்குப் போகும் வழியிலேயே டிஸ்க்கைக் கொடுத்துவிட்டுப் போ, யுஎஸ்பி 2 போர்ட்தான், நகல் ஏற நேரம் பிடிக்கும், சாப்பிட்டுவிட்டுத் திரும்பும்போது வாங்கிக்கொள்ளலாம்.